ஓரத்தில் நின்ற ஆள்

அத்தியாயம் 17

கல்யாண வீட்டில் பந்தல்காரரைத் தேடுவார்கள், சமையல்காரரைத் தேடுவார்கள், நல்ல நாதஸ்வரத்துக்கு நாலு ஊர் அலைவார்கள். பாண்டியம்மாள் வீட்டில் ஒரு பழைய சினிமாவின் டிவிடியைத் தேடி அலைந்தார்கள். வெளியே சொன்னால் வாயால் சிரிக்க மாட்டார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

மகள் வீரலட்சுமியின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். ஆவணியில் அவளுக்கும் குருநாதனுக்கும் கல்யாணம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டில் இறந்துபோனவர்களுக்குப் படையல். படத்துக்கு மாலை போட்டு, புது வேட்டி துண்டு வைத்து, கல்யாணப் பெண் விழுந்து கும்பிட்டு எழ வேண்டும். அபிராமத்தைச் சுற்றி எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் படம் இருக்கும். இந்த வீட்டில் பாண்டியம்மாளின் புருசன் சேதுராமனுக்கு மட்டும் படம் கிடையாது. இருந்த ஒரே கல்யாணப் போட்டோவைப் பெட்டிக்குள் வைத்துக் கரையானுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு படையலுக்கும் ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி, கழுத்தில் பூச்சரம் சுற்றி வைப்பார்கள். அய்யா முகம் பார்க்காமலே பிறந்த பிள்ளை, விவரம் தெரிந்த நாள் முதலாக அந்தச் செம்பைத்தான் கும்பிட்டது.

"செம்பு கால்ல விழுந்துட்டு நான் வாக்கப்பட்டுப் போக மாட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. அய்யா நின்ற சினிமா புதிதாக டிவிடியில் வந்திருப்பதை, ராமநாதபுரத்து வீடியோ கடையில் விசாரித்து, எடுத்துவைக்கவும் சொல்லிவிட்டாள்.

அந்தச் சினிமாவைப் பற்றிப் பாண்டியம்மாள் மகளுக்குச் சொல்லாத நாள் இல்லை. மழை பொய்த்த வருஷம். மிளகாய்ச் செடி காட்டிலேயே கருகிவிட்டது. சேதுராமனும் அவன் தம்பி மருதுபாண்டியும் மண்டபத்துக்கு மீன்கூடை சுமக்கப் போனார்கள். அங்கே படம் பிடிக்க வந்தவர்கள், மீன் ஏலக் காட்சிக்குக் கூட்டம் வேண்டும் என்று கூடைக்காரர்களையும் நிற்க வைத்தார்கள். கொஞ்ச நாளில் சேதுராமன் மஞ்சள் காமாலையோடு ஊர் திரும்பினான். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தவன், "நான் சினிமாவுல நிக்கிறேன் பாண்டி, ஓரத்துல. படம் வந்தா போய்ப் பாரு" என்றான். அந்தப் பாயிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.

படம் பரமக்குடிக்கு வந்தபோது பாண்டியம்மாள் கைக்குழந்தையோடு போனாள். புருசன் செத்த ஈரம் காயவில்லை, இவளுக்குச் சினிமா கேட்கிறது என்று ஊர் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று கொழுந்தனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், திரையின் வலது ஓரத்தில் புருசனைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு டிவியில் அந்தப் படம் போட்டபோதெல்லாம் ஒன்று கரண்ட் இருக்காது, இல்லையென்றால் அந்தக் காட்சி வருகிற இடத்தில் விளம்பரம் போட்டு வெட்டியிருப்பார்கள்.

இன்றைக்குத்தான் விடிவு. காலை பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினாள் பாண்டியம்மாள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். புருசனைப் பார்க்கப் போகிறவள் அழுக்குச் சேலையிலா போவாள். வீரலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். மருதுபாண்டி பின் சீட்டில் இருந்தான். அவன் வருவதாகவே இல்லை. உழவு இருக்கிறது, டிராக்டர் வருகிறது என்று காரணம் அடுக்கினான். அவன் மனைவி முருகம்மாள்தான், "உங்க அண்ணன் மொகத்த அடையாளம் காட்ட நீங்க போகாம வேற யாரு போவா?" என்று விரட்டி அனுப்பினாள். முருகம்மாளுக்கு ஒரு பழைய குறை உண்டு. தான் வாக்கப்பட்டு வந்த நாள் முதலாகப் புருசன் முதலில் உழுவது அண்ணன் காட்டை, அப்புறம்தான் தன் காட்டை என்று. ஆனாலும் வீரலட்சுமி என்றால் அவளுக்கு உயிர்.

வீடியோ கடை அரண்மனைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கடைக்காரர் சலாஹுதீன், பெரியபட்டினத்துக்காரர். சவூதியில் ஒரு வீடியோ கடையில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு வந்து இங்கே கடை போட்டவர். அவரிடம் ஒரு பழக்கம். எந்தப் படத்தை வாடகைக்குக் கேட்டாலும் முதலில் கதையைச் சொல்ல மாட்டார், நடிகரைச் சொல்ல மாட்டார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மார்க் போடுவார். பிரிண்டுக்கு இத்தனை, சவுண்டுக்கு இத்தனை. பத்துக்கு நாலுக்குக் கீழே போனால், "இத எடுத்துட்டுப் போகாதீங்க, கண்ணுக்குக் கேடு" என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவார். அந்த மனிதர் எப்படிக் கடை நடத்துகிறார் என்பது அவருடைய சம்சாரத்துக்கே புரியாத விஷயம்.

"வாங்கம்மா, உக்காருங்க. ராத்திரியே போட்டுப் பாத்துட்டேன். பிரிண்டுக்கு ஒம்பது குடுக்கலாம். கழுவி எடுத்திருக்கான். ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல" என்றார். "சவுண்டுக்குத்தான் யோசிக்கணும்."

டிவியைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்து டிவிடியைப் போட்டார். படம் வந்ததும் பாண்டியம்மாள் மிரண்டுபோனாள். பரமக்குடியில் அவள் பார்த்தது மழை பெய்கிற படம். திரை முழுக்கக் கோடு கோடாக இறங்கும். இதுவோ நேற்று எடுத்த மாதிரி இருந்தது. கதாநாயகியின் தாவணிப் பச்சை கண்ணைப் பறித்தது. மணலில் கிடந்த வலையின் கண்ணை எண்ணிவிடலாம் போலிருந்தது. இவ்வளவு துலக்கமாக இருந்தால் அவுக முகம் எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். கூடவே ஒரு வெட்கமும் வந்தது. அவர் இருபத்துச் சொச்ச வயசில் நிற்பார். இவளுக்கு நரைத்துவிட்டது.

சலாஹுதீன் படத்தை ஓட்டி ஓட்டி ஏலக் காட்சிக்குக் கொண்டுவந்தார். உடனே கடை முழுக்கக் கடல் இரைந்தது. ஸ்பீக்கர் அதிர்ந்தது.

"இதத்தான் சொன்னேன்" என்றார் சலாஹுதீன். "இது மண்டபத்து வடகரை. நாங்க பொண்ணுக்கடல்னு சொல்லுவோம். எந்த மாசத்துலயும் இப்பிடி இரையாது, குளம் மாதிரிக் கெடக்கும். எங்க ஊர்ப் பக்கத்துக் கடல் இரைஞ்சா நியாயம். மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு எவனோ அலைச் சத்தத்த அள்ளிக் கொட்டிருக்கான். அஞ்சு மார்க்குக்கு மேல போட மாட்டேன்."

மருதுபாண்டி அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தான். ஆமாம், அங்கே தண்ணீர்ச் சத்தமே கேட்காது, ஏலக்காரர் சத்தம்தான் கேட்கும் என்றான். சொல்லிவிட்டு மறுபடி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

பாண்டியம்மாளுக்குச் சத்தம் காதில் ஏறவில்லை. அவள் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கதாநாயகி ஓடி வருவாள். கூடைக்காரர்கள் விலகி வழிவிடுவார்கள். கரையில் ஏற்றிப் போட்ட படகு தெரியும். படகை ஒட்டி, தலையில் சிவப்புத் துண்டோடு அவர் திரும்பிச் சிரிப்பார்.

கதாநாயகி ஓடி வந்தாள். கூடைக்காரர்கள் விலகினார்கள். படகின் மூக்கு தெரிந்தது. அதோடு படத்தின் ஓரம் முடிந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் டிவிப் பெட்டியின் கறுப்புச் சட்டம்தான் இருந்தது.

"இன்னொரு தடவ போடுங்க பாய்" என்றாள்.

போட்டார். இந்தத் தடவை எல்லோரும் முன்னால் குனிந்து பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. சிவப்புத் துண்டின் நுனி ஒரு கணம் உள்ளே வந்து போனது. அவ்வளவுதான். முழங்கையில் ஒட்டியிருந்த மீன் செதில்கூட மினுங்கியது. ஆள் இல்லை.

"எங்கம்மா?" என்றாள் வீரலட்சுமி.

சலாஹுதீன் டிவிக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து விளக்கினார். தியேட்டரில் இந்தப் படம் அகலம். டிவி சதுரம். சதுரத்துக்குள் அகலத்தைத் திணிக்க முடியாது. அதனால் நடுவில் இருப்பதை வைத்துக்கொண்டு இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். கதாநாயகி தெரிந்தால் போதும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்வார். கழுவித் துடைத்து ஒன்பது மார்க் வாங்குகிற அளவுக்குப் பாடுபட்டவர்களே இதையும் செய்திருக்கிறார்கள்.

"அப்ப ஓரத்துல நிக்கிறவுக வேண்டாத ஆளா பாய்?" என்று கேட்டாள் பாண்டியம்மாள்.

இத்தனை படத்துக்கு மார்க் போட்டவர், வெட்டுப்பட்ட ஓரத்தில் யாராவது ஒருவருடைய புருசன் நின்றிருப்பான் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை போலும். ராத்திரி பார்த்தபோது அதைக் கவனிக்கவில்லையே என்று தன்மேலேயே கோபப்பட்டார். வீரலட்சுமி அழவில்லை. அழுதிருந்தால் பாண்டியம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டு, "சரி, செம்பே போதும். போவோம்மா" என்றாள்.

சலாஹுதீன் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உள்ளறைக்குப் போய் அட்டைப் பெட்டிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் தூசி. கையில் ஒரு பழைய டிவிடி. வெளிநாட்டில் இருக்கிற நம்மாட்களுக்காக எப்போதோ போட்டது, சவூதியிலிருந்து வரும்போது கொண்டுவந்தது என்றார். "பிரிண்டுக்கு மூணு மார்க்குகூடத் தேறாதும்மா. முன்னாடியே சொல்லிப்புடுறேன்."

அவர் சொன்னது குறைவுதான். படம் கலங்கல் தண்ணீரில் பார்க்கிற மாதிரி இருந்தது. கதாநாயகியின் பச்சைத் தாவணி சாம்பலாகிவிட்டது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து நடுவில் ரிப்பன் மாதிரி ஓடியது படம். போதாக்குறைக்குக் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரை மஞ்சள் எழுத்தில் வலது கீழ் மூலையில் ஒட்டியிருந்தார்கள்.

"படம் சின்னதா இருக்கேண்ணே" என்றாள் வீரலட்சுமி.

"சின்னதா இருந்தாத்தாம்மா முழுசா இருக்கும்."

ஏலக் காட்சி வந்தது. இதில் கடல் இரையவில்லை. கரகரப்புக்கு நடுவே ஏலக் கூச்சல் கேட்டது. கதாநாயகி ஓடி வந்தாள். கூடைக்காரர்கள் விலகினார்கள். படகின் மூக்கு வந்தது. அதற்கு அப்புறமும் படம் இருந்தது. படகை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவில், தலையில் துண்டோடு ஒரு ஆள் நின்றான். மஞ்சள் எழுத்து அவன் நெஞ்சின்மேல் ஏறி நின்றது. முகம் மேலே தப்பித்திருந்தது.

"அந்தா" என்றாள் பாண்டியம்மாள்.

வீரலட்சுமி எழுந்துபோய் டிவிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் விரலை வைத்தாள். சலாஹுதீன் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். வேகத்தைக் குறைத்துப் போட்டார்.

மெதுவாக ஓட்டியதுதான் வினையாகப் போயிற்று.

அந்த ஆள் வலது பக்கம் திரும்பினான். உதடு விரிந்தது. சிரிப்பு வந்ததும் இடது கை மேலே எழும்பி, புறங்கை வாயை மறைத்தது. தலை லேசாகக் குனிந்தது.

பாண்டியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். மிளகாய்க் காட்டில், களத்துமேட்டில், வீட்டு வாசலில், இத்தனை வருஷமாக அவள் பார்த்த கை. கேலி பேசினால் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரிக்கிற ஆள் ஒருவன்தான். சேதுராமன் அப்படிச் சிரிக்க மாட்டான். அவன் சிரித்தால் கடைவாய்ப் பல் தெரியும், தெருக்கோடிக்குக் கேட்கும். பரமக்குடித் தியேட்டரில் அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீருக்குள் சிவப்புத் துண்டைத்தான் பார்த்தாள். அப்போது கொழுந்தன் சிரித்து அவள் எங்கே பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட முடியவில்லை. அவன் மதினி இருக்கிற பக்கமே வராமல் ஓடுகிற விடலையாக இருந்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மருதுபாண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான். அவன் டிவியைப் பார்க்கவே இல்லை.

தன் புருசன் இரண்டாவது தடவை செத்தான் என்றுதான் பாண்டியம்மாளுக்குத் தோன்றியது. முதல் தடவை செத்தபோது மடியில் அழப் பிள்ளையாவது வரப்போகிறது என்ற எண்ணம் இருந்தது. இப்போது அந்தப் பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்க, வாய்விட்டு அழவும் வழியில்லை.

"சின்னய்யா சாடை அப்பிடியே இருக்கும்மா" என்றாள் வீரலட்சுமி, திரும்பாமலே.

"அண்ணன் தம்பின்னா சாடை இல்லாமயா போகும்" என்றார் சலாஹுதீன்.

வீரலட்சுமி இப்போது திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. அப்படி ஒரு முகத்தைப் பாண்டியம்மாள் அதுவரை பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய அன்றும் பார்த்ததில்லை, பரிசம் போட்ட அன்றும் பார்த்ததில்லை. "எங்க அய்யாதானம்மா?" என்று கேட்டாள்.

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்கள். சொன்னாலும் துக்கம்தான் என்கிற இடத்தில் மாட்டிக்கொண்டவளுக்குப் பழமொழி எதுவும் உதவாது.

"ஆமாத்தா" என்றாள் பாண்டியம்மாள். "உங்க அய்யாதான்."

சலாஹுதீன் கை மேலே எழும்புவதற்கு முந்தின நொடியில் படத்தை நிறுத்தினார். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார். மஞ்சள் எழுத்து விழாமல் நெஞ்சுக்கு மேலே வெட்டினார். கலங்கல் போகக் கொஞ்சம் வெளுப்பேற்றி அச்சடித்துக் கொடுத்தார். வேலைக்குக் காசு வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டார். அந்தப் பழைய டிவிடியையும் வீரலட்சுமிக்கே கொடுத்தார். அவர் கொடுத்த மார்க்கை அவரே மாற்றிக்கொண்டார். "இதுக்கு மார்க் போட நான் யாரும்மா" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை இருந்தது. வீரலட்சுமி தானே நின்று போட்டு வாங்கி வருவதாக உள்ளே போய்விட்டாள். எதிரே வேப்பமரத்தடியில் மதினியும் கொழுந்தனும் நின்றார்கள். ஆடிக் காற்று புழுதியை வாரி வீசியது. மருதுபாண்டி டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள்.

"அது நீதான தம்பி?"

அவன் மறுக்கவில்லை. "ஆமா மதினி."

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான். "தியேட்டர்ல 'அந்தா நிக்கிறாக'ன்னு நீங்க புள்ளயத் தூக்கிக் காட்டுனீங்க. அப்ப என்னத்தச் சொல்ல? ஊருக்குப் போயிச் சொல்லுவோம்னு இருந்தேன். அண்ணன் போனதுலருந்து நீங்க சரியாச் சோறு திங்கல. அன்னிக்கு வந்து ஒக்காந்து, போட்டுச் சாப்பிட்டீங்க. எனக்கு வாய் வரல. அதுக்கப்புறம் நாள் போகப் போகச் சொல்லவே ஏலாமப் போச்சு."

"அப்ப அவுக நின்னேன்னு சொன்னது?"

"நின்னாரு மதினி. அது சத்தியம்" என்று மருதுபாண்டி வேகமாகச் சொன்னான். "படத்துல பாத்தா எனக்கு வலப்பக்கம், கை எட்டுற தூரத்துல நின்னாரு. கேமரா அங்கன வரைக்கும் வரல. அது எங்களுக்கு எப்பிடித் தெரியும்? படத்துல தெரியிறோம்னு நெனச்சுக்கிட்டேதான் அவரு போயிச் சேந்தாரு."

அப்புறம், "நான் திரும்பிச் சிரிக்கிறேன்ல, அது அவரப் பாத்துத்தான்" என்றான். "அந்தக் கதாநாயகி மூக்கப் பொத்திக்கிட்டு ஓடியாந்துச்சு. படம் புடிக்கிறவரு திட்டித் திட்டித் திரும்ப ஓட விட்டாரு. அண்ணன் சொன்னாரு, 'ஏலே, இதுக்கு மீன் நாத்தமே தாங்கல. இது எங்கிட்டுக் கதையில மீன்காரனக் கட்டிக் குடும்பம் நடத்தப் போவுது'ன்னு. என்னால அடக்க முடியல. அந்தச் சிரிப்புத்தான் அது."

பாண்டியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவரேதான். அந்தக் குத்தல் அவர் குத்தல். புருசன் பேசிய பேச்சையெல்லாம் அவள் நினைவில் உருட்டி உருட்டித் தேய்த்துவிட்டாள், புதிதாக ஒரு வார்த்தை இனி வரப்போவதில்லை என்று நம்பியிருந்தாள். இத்தனை காலத்துக்கு அப்புறம் ஒரு பேச்சு வந்து சேர்ந்திருக்கிறது. முகம் வரவில்லை, பேச்சு வந்தது. அதற்காக அவனைக் கும்பிடுவதா, இத்தனை வருஷம் ஏமாற்றியதற்காக அறைவதா என்று தெரியாமல் நின்றாள்.

"மாலையப் போட்டுருங்க மதினி" என்றான் மருதுபாண்டி. "புள்ள மொகத்தப் பாத்தீங்கள்ல."

"வாய மூடு. உசுரோட நிக்கிற ஆளு படத்துக்கு மாலையா? உன் ஆயுசுக்கு ஒண்ணுன்னா முருகம்மாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அவளுக்கு எங்கிட்டுத் தெரியப் போவுது? அவ வாக்கப்பட்டு வாரப்ப எனக்கு மீசை வந்து ஆளே மாறிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனாலும் ஆயிட்டுப் போகட்டும். கூட நின்ன அண்ணனத்தான் கேமராவுல கொண்டாற முடியல."

பாண்டியம்மாள் பதில் சொல்லுமுன் வீரலட்சுமி தெருவைக் கடந்து வந்துவிட்டாள். செய்தித்தாளில் சுற்றிய படத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பஸ்ஸில் கூட்டம். ஒருவர் அதை மேலே வைக்கச் சொன்னதற்கு, "இல்லங்க, எங்க அய்யா" என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். பாண்டியம்மாள் வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். செம்பையே வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்ப்போமா, படத்துக்கு மாலை வேண்டாம், பொட்டு மட்டும் போதும் என்று ஏதாவது சாத்திரம் சொல்லிப் பார்ப்போமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் தேற்றிக்கொண்டாள்.

ஊரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முருகம்மாள் கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தவள், உலக்கையைச் சாத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"கெடச்சாரா எங்க மச்சான்? நான்தான் அந்த மனுசன் மொகத்தவே பாத்ததில்ல. குடு ஆத்தா."

பாண்டியம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். முதலில் விளக்கு முன்னால் வைக்க வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஏதோ சொன்னாள். ஆனால் வீரலட்சுமி அதற்குள் செய்தித்தாளைப் பிரித்துச் சின்னாத்தாள் கையில் கொடுத்துவிட்டாள். "எங்க அய்யா, சின்னாத்தா. நல்லாப் பாருங்க."

முருகம்மாள் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஏதோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தவள்போல் நிமிர்ந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற மருதுபாண்டியைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் கண்ணீரும் இருந்தது.

"ஏன்யா, எனக்குத் தாலி கட்டுன அன்னிக்குக்கூட நீரு இப்பிடிச் சிரிச்சதில்லயே. யாரப் பாத்து இந்தச் சிரிப்பு?"

மருதுபாண்டி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் முருகம்மாளுக்குப் புரிந்தது. ஏன் என்று புரியவில்லை. படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீரலட்சுமி சின்னாத்தாளைப் பார்த்தாள். சின்னய்யாவைப் பார்த்தாள். அப்புறம் முருகம்மாள் கையிலிருந்து படத்தை மெதுவாகத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா" என்றாள். குரல் உயரவில்லை. "இது யாரு?"